சம்பந்தி கொண்டுவந்த பிராந்தி

தமிழ்மொழி,

குழந்தையோடு நீயும் அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறும் பூண்டுக் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. சாவி என்னிடம் இருக்கிறது. கதவு திறக்க நீ எழுந்து வர வேண்டாம்.

காலையில் உன் அம்மா பிராந்தி பாட்டிலோடு வந்தார்கள்.

"இன்னா சம்பந்தி, பச்ச ஒடம்புக்காரிக்கு ரெண்டு மூடி குடுத்தா பால் நல்லா ஊறும்."

"அந்தப் பால்ல பிராந்தியும் சேந்து எறங்கும். வளர்ற கொயந்த மூளைக்கு ஆவாது."

"எங்கம்மா எனக்குக் குடுத்தாங்க. தமிழு நல்லாத்தானே கீறா?"

"நல்லாத்தான் கீறா. அதுக்கோசரம் பேத்தியையும் வச்சு சோதிச்சுப் பாக்கணுமா?"

உன் அம்மாவுக்குக் கோபம். "நர்ஸம்மா வாயால சொல்லட்டும்" என்கிறார்கள். பாட்டிலோடு இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வராது. அதை என்னிடம் விட்டுவிடு.

அத்தை

பி.கு.: செருப்பை மாட்டிக்கொண்டே உன் அம்மா இதையும் எழுதச் சொல்கிறார்கள்: "நர்ஸு வேணாம்னா பாட்டில உட்டுர்றேன். ஆனா பால் ஊற பால்சுறா மீனு வாங்கியாந்து நான்தான் புட்டு செய்வேன். அதுல யாரும் குறுக்க வரக் கூடாது."

வரமாட்டேன். வெங்காயம் மட்டும் உரித்துக் கொடுப்பேன்.