படிக்கப்படாத மூன்று சம்மன்கள்

திருப்பதி
6.9.2024

மதிப்புமிக்க முதலாளி பாலையா அவர்களுக்கு,

வேங்கடாசலம் எழுதுவது. நகரியில் தறிகளும் நீங்களும் நலம்தானே? பதற்றத்தில் விஷயம் சிதறிவிடும் என்று முன்பே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நான் போட்ட வழக்கு முடிந்துவிட்டது.
2. நீங்கள் அறிந்தே செய்தீர்கள்.
3. ஜெயித்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன வெள்ளிக்கிழமை சித்தூர் கோர்ட்டில் உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்த்தரப்பு பதில் சொல்லாததால், நூல் மூட்டைகளை நான் திருடவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பானது.

மூன்று சம்மனையும் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். என்னைத் திருடன் என்று எழுதிய வேலைநீக்கக் கடிதத்திலும் அதே கையெழுத்துதான்.

தீர்ப்பைப் பலமுறை படித்தேன். யாரும் மறுக்கவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. இவன் எடுக்கமாட்டான் என்று யாரும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் உங்கள் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது போதவில்லை. பேராசையோ என்னவோ.

இப்படிக்கு,
வேங்கடாசலம்

நகரி
11.9.2024

வேங்கடாசலத்துக்கு,

உன் காயிதம் தமிழ்ல இருந்துச்சு, படிச்சேன். நீ போனப்புறம் நானா படிச்ச மொத காயிதம் இதான்யா. கோர்ட்டுலேர்ந்து வந்தது அத்தினியும் தெலுங்கு. டிராயர்ல போட்டு வெச்சிக்கினு இருக்கேன். யாராண்ட குடுத்துப் படிக்கச் சொல்றது? என் புள்ள கிரண்குமாராண்டயா? தெனம் தெலுங்குப் பேப்பர விரிச்சிக்கினு உக்கார்ற நைனாவுக்கு அந்த எழுத்தே தெரியாதுன்னு அவனுக்கு இன்னிக்கும் தெரியாது. சேதி படிச்சு சொல்ல நீ இல்ல, பேப்பர்ல வெறும் பொம்ம பாத்துக்கினு இருக்கேன்.

உன்ன நிறுத்தின அன்னிக்கு அவன் ஒரு தெலுங்குத் தாள நீட்டி, "வயசாச்சு, அனுப்பறோம்னு எழுதியிருக்கு நைனா"ன்னான். கையெழுத்து போட்டேன். திருடன்னா எழுதியிருந்தான்? நீயும் நல்ல ஆளுய்யா! அன்னிக்கே என்னாண்ட வந்து கத்தியிருக்கக் கூடாதா? தலய குனிஞ்சிக்கினு போயிட்ட. கேசு போடத் தெரிஞ்சுது, ஒரு வார்த்த கேக்கத் தெரியல.

பாலையா

திருப்பதி
15.9.2024

முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

தீர்ப்பான முப்பது நாளுக்குள் நீங்கள் மனுப் போட்டால் அதை ரத்துசெய்து மறுபடி விசாரிக்கக் கேட்கலாம். மனுவை நானே எழுதிவிட்டேன். எதிராளி எழுதிக்கொடுப்பது முறையா, தெரியவில்லை. ரத்தானால் என் ஜெயமும் போய்விடும். அப்புறம் நீங்கள் கூண்டில் ஏறி, கிரண்குமார் பார்த்துக்கொண்டிருக்க, "படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், இவன் திருடன் இல்லை" என்று சொல்ல வேண்டும். சொல்வீர்களா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் மனுவைக் கிழித்துப்போடுங்கள், வருத்தப்படமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். வருத்தப்படுவேன்.

வியாழக்கிழமை காலை கண்ணாடியோடு வருகிறேன். டிராயரில் இருப்பதைத் தேதி வரிசையில் படித்துக் காட்டுகிறேன். மனுவையும் வரி வரியாகக் கேளுங்கள். அதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம், நான் நீட்டினாலும்.

முதல் கடிதத்தில் இரண்டாவதாக, அறிந்தே செய்தீர்கள் என்று எழுதியது தவறு. மற்றவர்கள் அப்படி நினைத்திருக்கலாம். உங்களுக்குப் படித்துக் காட்டியவன் நான்தானே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேங்கடாசலம்