சிதம்பரம் மேடையில் என் பெடல்போர்டு

ஞாயிறு இரவு, கடலூர்.

சிதம்பரத்தில் இன்று ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் கச்சேரி. மணமக்களுக்கு நாற்காலி போட்டது போக மேடையில் மிஞ்சிய இடத்தில் என் பெரிய கிட்டார் பெடல்போர்டைப் பரப்பினேன்; காலால் மிதித்துக் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பெடல்கள் ஒட்டிய பலகை அது. வாழ்த்த வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் போட்டோவுக்கு நிற்க வேண்டும். மெல்லிய காதல் பாட்டு ஒன்றின் நடுவே பெண்ணின் தாய்மாமன் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்துவிட்டார். கிட்டார் லாரி போல உறுமியது. கூட்டம் கைதட்டியது. எனக்கு இதுவரை அப்படிக் கைதட்டியதில்லை.

திரும்பும்போது வேனில் மச்சான் பேச்சை எடுத்தான். குழு அவனுடையது.

"அடுத்த கச்சேரிக்குச் சின்ன போர்டா எடுத்துகினு வாங்க மாமா. இல்லன்னா கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு இருக்கு."

"பெருசுலதான்டா எல்லா சவுண்டும் வரும்."

"ஜனங்க சாப்புட வர்றாங்க மாமா."

வீட்டுக்கு வந்து, பதினொரு பெடலில் மூன்றை மட்டும் சின்னப் பலகையில் ஒட்டி வாசித்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. சின்னதே போதும் என்று அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். மீதி எட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. வாசிப்பு சரியில்லாத நாளெல்லாம் அவற்றில் ஏதாவது ஒன்றின் மேல் பழி போட்டு வந்தேன். இனி பழி சுமக்கும் வேலையையும் இந்த மூன்றே பார்க்க வேண்டும்.