செப்புக் குழாயில் ஒரு வளைவு

கொட்டாஞ்சேனை
12.3.1935

அன்புள்ள மச்சான் சிவானந்தனுக்கு,

ஷிப்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். இங்கிலாந்தில், அந்தக் கொவென்றிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்று உம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறார்.

உங்கள் தொழிற்சாலையின் மார்லண்ட் கார் கொழும்புக்கு வந்துவிட்டதடா! வெள்ளவத்தையில் இருக்கிறாரே, புதுக்கடைக் கோட்டில் வழக்காடும் அத்துவக்காத்து சுந்தரலிங்கம், அவர்தான் வாங்கியிருக்கிறார். என் கராஜுக்கு வழக்கமாக வருகிறவர் என்பதால், துறைமுகத்திலிருந்து ஓட்டி வந்தது நான். வெளியே பார்த்தால் நாலு கதவு, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் மாதிரிச் சாதுவாக நிற்கிறது. காலி வீதியில் காலை அழுத்தினேன். பம்பலப்பிட்டி எப்போது போனது என்றே தெரியாது, வெள்ளவத்தையில் நிற்கிறேன்! பொனற்றைத் திறந்துவைத்து இன்ஜினை அரைமணி நேரம் சும்மா பார்த்தேன். இதையும் மனிதன்தானே செய்தான்!

அத்துவக்காத்துக்கு ஒரே ஒரு குறை. "உந்தக் கீச்சுச் சத்தத்துக்கு மாட்டுவண்டிக்காரன் திரும்பியும் பாரான். பெரிய ஹோர்ன் ஒண்டு பூட்டித் தா ஷிப்லி" என்றார். பொனற்றுக்குள் ஒரு பித்தளை ஹோர்னைத் திணித்துவிட்டேன். உங்கள் ஆட்களிடம் சொல்லாதே, அழுதுவிடுவார்கள்.

உன் ஷிப்லி

கொவென்றி
24.11.1935

அன்பு நண்பன் ஷிப்லிக்கு,

உன் கடிதம் கண்டு ஊருக்கே வந்துபோனது போலிருந்தது. உம்மாவுக்கு என் வணக்கம்.

நாங்கள் வருஷத்துக்கு முப்பது கார்தான் செய்கிறோம். ஒக்டோபரில் எங்கள் தலைமை இன்ஜினியர், பெரியவர் என்றுதான் சொல்லுவோம், கார் வாங்கியவர்கள் எழுதிய முறைப்பாடுகளை எல்லாருக்கும் முன்னால் வாசிப்பார். மறுவருஷக் காரில் அந்த முறைப்பாடு இருக்கக்கூடாது. முதல் வருஷம் பிரேக் அகலமானது. அடுத்த வருஷம் மூன்றாம் கியரின் ஊளை நின்றது. இப்போது பின் ஸ்பிரிங்கைத் திருத்துகிறார்கள். நல்ல காரை ஏன் நோண்டுகிறார்கள் என்று வந்த புதிதில் நினைத்தேன். இப்போது வருஷத்தின் முதல் கார் வெளியே வரும்போது என்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிடுகிறேன்.

நான் மட்டும் இன்னும் மூலை மேசையில்தான். மற்றவர்கள் போட்ட படத்தைப் பிரதி எடுக்கிறேன். என் பேரில் ஒரு கோடுகூட இல்லை.

அன்புடன்,
சிவானந்தன்

கொட்டாஞ்சேனை
3.5.1936

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பெரியவருக்கு நானும் ஒரு முறைப்பாடு வைத்திருக்கிறேன். கண்டிக்குப் போகையில் கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. அத்துவக்காத்து குடையைப் பிடித்துக்கொண்டு, "நேற்று நல்லாத்தானே ஓடினது, என்ன வந்தது இதுக்கு?" என்று றோட்டிலேயே வழக்காடத் தொடங்கிவிட்டார்.

பெற்றோல் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போகிறது. உங்கள் குளிருக்கு அது சரி. எங்கள் வெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது. நான் செப்புக் குழாய் வாங்கி, மற்றப் பக்கத்தால் சுற்றிக் கொண்டுபோய்ப் பூட்டினேன். பிறகு மூன்று தரம் ஏறிவிட்டது, ஒரு இருமல்கூட இல்லை.

படம் கீறி வைத்திருக்கிறேன். என் எழுத்துத்தான் உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்தில் என் கொப்பிகளுக்கெல்லாம் நீதானே பேர் எழுதித் தந்தாய். அதேபோல இதையும் அழகாகக் கீறி, என் பேரை எழுதிப் பெரியவரிடம் கொடு. இங்கே ஏஜென்ட் கம்பனி மார்லண்டுக்கென்று ஒரு தலைமை மெக்கானிக்கைத் தேடுகிறது. தொழிற்சாலையிலிருந்து ஒரு வரி வந்தால் வேலை எனக்குத்தான். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

உன் ஷிப்லி

கொவென்றி
17.2.1937

அன்பு ஷிப்லிக்கு,

தாமதத்தை மன்னித்துக்கொள். உன் குழாய் இந்த வருஷக் காரில் ஏறிவிட்டது! பெரியவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். உன் பேரைச் சொல்லத் தக்க நேரம் இன்னும் வாய்க்கவில்லை, கட்டாயம் சொல்லுவேன். என்னை ஜன்னலோர மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். குழாய் நடுவில் முழங்கை போல வளைந்து போகிறதே, அது ஏன்? பெரியவர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். உடனே எழுது.

சிவானந்தன்

கொட்டாஞ்சேனை
30.6.1937

சிவானந்தனுக்கு,

டொக்டர் ஹெக்டர் வாங்கிய புது மார்லண்ட் நேற்று வந்தது. பொனற்றைத் திறந்தேன். என் குழாய், கடல் கடந்து போய்த் திரும்பி வந்து, பளபளவென்று கிடந்தது. அந்த வளைவும் அப்படியே இருந்தது. என் கராஜில், என் முழங்காலில் வைத்து வளைத்த வளைவு! ஆண்டவனே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். குழாயின் படம் போட்டு, கீழே உன் பேர் இருந்தது.

ஏஜென்ட் வேலைக்குப் போன மாதம் வேறொருவனை எடுத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுப்பேன். மூலை மேசை உனக்கு வலித்தது எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டிருந்தால் குழாயை உனக்கே தந்திருப்பேனே, மச்சான்.

வளைவு ஏன் என்று பெரியவர் கேட்டால், வளைத்தவனுக்கு எழுதிக் கேட்கச் சொல். உனக்கு நான் சொல்லமாட்டேன்.

மு. ஷிப்லி

கொவென்றி
9.1.1938

ஷிப்லிக்கு,

சொல்லிவிட்டேன். ஒக்டோபர் வாசிப்பில், எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, "அது என்னுடையதல்ல" என்றேன். பெரியவர் உன் விலாசத்தை வாங்கி அன்றே உனக்கு எழுதினார்.

உன் பதில் வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "கொழும்பில் ஒரு வக்கீலுடைய ஹோர்னைச் சுற்றி நாங்கள் முப்பது காரில் குழாய் வளைத்திருக்கிறோம்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீ எனக்கே எழுதியிருந்தாய், பித்தளை ஹோர்ன் என்று. படத்தில் ஹோர்ன் இல்லை, நான் யோசிக்கவுமில்லை. களவெடுத்தவனுக்குக் கண் தெரியாது.

இந்த வருஷக் காரில் குழாய் நேராகிவிட்டது. ஏஜென்டுக்கும் பெரியவரே எழுதியிருக்கிறார். நான் பழையபடி மூலை மேசையில்தான். புதுப் படத்தின் பிரதியை இத்துடன் வைக்கிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் வருத்தப்படமாட்டேன்.

சிவானந்தன்

கொட்டாஞ்சேனை
14.8.1938

மச்சான்,

ஏழு மாதம் உன் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். கோபம்தான்.

நேற்று இந்த வருஷக் கார் வந்தது. பெரியவர் எழுதிய வரியைப் பார்த்து ஏஜென்ட் கம்பனி என்னையும் எடுத்துக்கொண்டது, இப்போது அவர்கள் கராஜில் முதலில் பொனற் திறப்பது நான்தான். குழாய் ஈர்க்கு மாதிரி நேராக ஓடுகிறது. என்ன அழகு! சுந்தரலிங்கத்தின் காரில் மட்டும் வளைவு இருக்கட்டும், அவர் ஹோர்னைக் கழற்றமாட்டார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். படத்தின் மூலையில் என் பேரைக் கண்டேன். கடைசி எழுத்தின் வாலை ஒரு சுழி சுழித்திருந்தாய், என் கணக்குக் கொப்பியில் சுழித்தது போலவே.

படத்தை ஆணியடித்துச் சுவரில் மாட்டினேன். உம்மா கிட்டப் போய், விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"உன்ட பேரா மகன்? யாரு இவ்வளவு வடிவா எழுதின?"

"சிவானந்தன்தான் உம்மா" என்றேன்.

ஷிப்லி