ஃபிட்டரின் கடிதமும் ஐந்தாம் வகுப்பும்

ஜூன் 14

அன்புள்ள ஃபிட்டர் அவர்களுக்கு,

நான் நலம். கப்பலில் நீங்களும் உங்கள் இயந்திரங்களும் சுகம்தானே? போன வாரம் வந்த கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அதற்கு அரை மூச்சே போதும். "நலம். வேலை அதிகம். கடல் அமைதியாக உள்ளது. சாப்பாடு பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." கல்யாணமான நாளிலிருந்து இதே வரிகள்தான், வரிசைகூட மாறுவதில்லை. போனிலோ நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் "ம்", "சரி" என்று வைத்துவிடுகிறீர்கள்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளும் உங்கள் கடிதத்துக்குக் கூடப்பிறந்தவை. "கடல் பெரியது. கடல் நீல நிறமானது. கடல் நமக்குப் பயன்படுகிறது." சுவையாக எழுதுங்கள் என்றால் நடுவில் ஒரு "மிகவும்" போடுகிறார்கள். அதனால் உங்கள் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதி, யார் என்று சொல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் கீழே கேட்கத் தோன்றுவதை எழுதச் சொன்னேன். பதில் தெரிந்த கேள்வி கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

பலகையில் இடம் போதவில்லை. "அவர் ரூம்ல ஜன்னல் இருக்கா?" "சமையல்காரர் நல்லவரா?" "தூங்கும்போது என்ன சத்தம் கேட்கும்?" சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இவ்வளவு காலம் உங்களோடு வாழ்ந்த எனக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றவில்லையே.

அக்கா வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் ஓர் இடம் காலியாகிறது. செப்டம்பருக்குள் சொல்ல வேண்டும். பேச்சுத் துணையில்லாத இந்த வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
டீச்சர்

---

ஜூலை 9

டீச்சரம்மாவுக்கு,

நலம். என் கடிதம் பள்ளிக்கூடப் பலகைக்கு எழுதியதல்ல. வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாய். நான் எழுத்தாளன் இல்லை, நட்டு முடுக்குகிறவன். சாப்பாடு பரவாயில்லை என்றால் பரவாயில்லை, அவ்வளவுதான்.

போக வேண்டுமென்றால் போ. இங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிட்டர்

பி.கு.: கேட்ட பிள்ளையிடம் சொல். ஜன்னல் இல்லை.

---

ஆகஸ்ட் 1

அன்புள்ள ஃபிட்டர் அவர்களுக்கு,

கோபம் நியாயம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பி.கு.வை மட்டும் வகுப்பில் படித்தேன். அதுதான் நீங்கள் இதுவரை எழுதியதிலேயே நல்ல வரி. வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "அப்ப கடல் அமைதியா இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும், டீச்சர்?" என்றாள்.

பிறகு அவரவர் கட்டுரைக்கும் அவர்களே கேள்வி கேட்டு, பதிலை வைத்துத் திருப்பி எழுதினார்கள். அதே பெண் முன்பு "எங்கள் வீடு அமைதியானது" என்று எழுதியிருந்தாள். இப்போது, "எங்கள் வீடு அமைதியாக இருந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்" என்று எழுதியிருக்கிறாள். பத்து வயதுக்கு இது எங்கிருந்து வந்தது? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

எனக்காக வேண்டாம். அவர்களுக்காகவாவது பதில் எழுதுங்கள்.

டீச்சர்

---

ஆகஸ்ட் 27

டீச்சரம்மாவுக்கும் ஐந்தாம் வகுப்புக்கும்,

கடல் அமைதியை டீ சொல்லும். மேசையில் வைத்த டம்ளரில் தளும்பாமல் இருந்தால் அமைதி. சமையல்காரர் தங்கமானவர், ஆனால் அவருக்குப் பல்வலி. அவர் கடிக்க முடியாத எதுவும் எங்களுக்கும் கிடையாது.

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். போன செவ்வாய் மதியம் நடுக்கடலில் எண்ணெய்க் குழாய் விரிசல் விட்டு எஞ்சின் நின்றுவிட்டது. வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு, எஞ்சினை மறுபடி கிளப்புவதற்குள் மேல்தளத்துக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் எஞ்சின் ஓடாத நடுக்கடலை நான் பார்த்ததில்லை. ஓர் அலை இல்லை. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு திமிங்கலம், எங்கள் வீட்டுத் தெரு நீளம். "மூச்சு விடுது, கேட்குதா?" என்று பக்கத்திலிருந்தவன் சைகை காட்டினான். எனக்குக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன். கேட்டது. அவ்வளவு பெரிய உயிர், ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவர் விடுகிற மாதிரி நிதானமான மூச்சு. வெட்கமில்லாமல் அழுதேன்.

இனி டீச்சருக்கு மட்டும். இடது காது இரண்டு வருடமாகவே கேட்பதில்லை. இந்த இரைச்சலில் போனில் நீ பேசுவது வலதிலும் பாதிதான் விழும். திருப்பிச் சொல்லச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாய், கப்பலில் தெரிந்தால் வேலையும் போய்விடும் என்று "ம்" போட்டேன். நீ என்னென்ன சொன்னாயோ, எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் போடவில்லை. காதைப் பற்றிக் கேப்டனிடம் சொல்லிவிட்டேன். அக்டோபர் 3 காலை கரைக்கு வருகிறோம். நீ அந்த வீட்டில் இருப்பாயா? இதுவும் பதில் தெரியாத கேள்விதான்.

உன்
ஃபிட்டர்

---

செப்டம்பர் 18

என் அன்புள்ள உங்களுக்கு,

திமிங்கலம் வரை வகுப்பில் படித்தேன். முடித்ததும் யாரும் கேள்வியே கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும், "இன்னொரு தடவை படிங்க, டீச்சர்" என்றாள். மறுபடி படித்தேன். மிச்சத்தை யாருக்கும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, உங்கள் "ம்" ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து அழுதேன். ஊரார் பிள்ளைகளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள், உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாகச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாம் தேதி துறைமுக வாசலுக்கு வந்துவிடுவேன். கூட்டத்தில் தேட வேண்டாம். நானே வந்து உங்கள் வலது பக்கம் நிற்பேன்.

உங்கள்
டீச்சர்