பஞ்சுக்குள் வளரும் தோல்

கல்முனைக்குடி
12.02.1984

அன்பு மகள் ஸாலிஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவலில நானும் வாப்பாவும் தங்கச்சி ஹாஜறாவும் சுகமா இருக்கம், அந்தக் குளிருக்குள்ள நீயும் சுகமா இருக்கணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலும் கேக்கிறன்.

சம்மாந்துறையில நிறைய வயல் வச்சிருக்கிற போடியார் பக்கீர் முகைதீன் தன்ட மகனுக்கு உன்னைக் கேட்டு வெள்ளிக்கிழமை குடும்பத்தோட வந்தார். ஆம்பிளையள் முன்னுக்கு இருக்க, அவர்ட மனிசி உள்ளுக்கு எங்களோட வட்டிலப்பம் திண்டு நல்லாத்தான் கதைச்சா. பிறகு, உங்கட மகள் லண்டனில போத்தலுக்குள்ள மனிசச் சதை வளர்க்கிறாளாமே, படைக்கிறது அல்லாஹ்ட வேலைதானே, அதை விட்டுட்டு உடனே வந்தாத்தான் கலியாணம் எண்டுட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு. நீ எழுதினதை அப்படியே சொன்னன். மாட்டுத்தோலில எடுத்த சத்தைப் பஞ்சு போல ஆக்கி, மனிசத் தோலில பிரிச்செடுத்த உயிரணுக்களை அதுக்குள்ள விடுறதாம், கண்ணாடித் தட்டில எண்டா பாய் மாதிரி விரிஞ்சு கிடக்குமாம், பஞ்சுக்குள்ள எண்டா மேலயும் கீழயும் பிடிச்சு மெய்த்தோல் போல வளருமாம், நெருப்பில வெந்தவங்களுக்குப் போடத்தானாம் எண்டன். உயிர் குடுக்கிறவன் அவன்தான், என்ட மகள் அது தங்க இடம் கட்டுறாள் எண்டும் சொன்னன். மனிசி சிரிச்சா.

அப்பதான் ஹாஜறா யாரும் கூப்பிடாம அறையால வந்தாள். மண்ணெண்ணைக் குக்கர் வெடிச்சு வெந்த நாளில இருந்து வெளி ஆக்களுக்கு முகம் காட்டாதவள், முக்காட்டை எடுத்து, நாடியும் நெஞ்சும் ஒட்டின கழுத்தைக் காட்டினாள். மாமி, இதை அறுத்து நிமித்தலாமாம், மூடத்தான் தோலில்லையாம், ராத்தா வேலையை விட்டுட்டு வந்தா என்னைப் போல புள்ளையளுக்கு ஆர் செய்யிற எண்டு கேட்டாள். மனிசி எழும்பிட்டா. சம்பந்தம் அதோட முடிஞ்சிது. வாப்பா என்னை ஏசினார், பிறகு ஹாஜறாட தலையைத் தடவிட்டு வயலுக்குப் போயிட்டார். ஊரில இப்ப எங்கட கதைதான், கதைக்கட்டும்.

பஞ்சுக்கு நடுவில இருக்கிறதுகள் சாப்பாடு எட்டாமச் செத்துப்போகுது, பேசாம ஊருக்கு வந்திரவா எண்டு கேட்டிருந்தாய். செத்தா திரும்ப விடு. அதுவும் செத்தா இன்னொருக்கா விடு. களைச்சா வா, என்ட மடியில படு, ஊருக்குப் பயந்து மட்டும் வராத.

காலுக்கு மேஸ் போடாமக் குளிரில நிக்காத. தங்கச்சிக்குத் தனியா ஒரு கடிதம் போடு, திங்கக்கிழமை தொடக்கம் தையல் வகுப்புக்குப் போறாளாம், பஸ்ஸில, தனியா. அல்லாஹ் உன்ட கைக்குப் பரக்கத்தைத் தரட்டும்.

உன்ட உம்மா,
சுஹறா