சைரனுக்குப் போடாத ஊசி

ஜூன் 2

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இரட்டைகளுக்கு நீ வைத்த பட்டப்பெயர்தான் இப்போது தெரு முழுக்க. ஒருத்தி கல்லுளி, இன்னொருத்தி சைரன்.

ஒரு வேடிக்கை கேள். போன மாதம் தட்டம்மை ஊசிக்குப் போனோம். சைரன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். அழுது அழுது முகம் நீலமாகிவிட்டது. பெற்றவளுக்குத் தாங்கவில்லை. கல்லுளிதான் எதற்கும் அசையமாட்டாளே! மஞ்சள் கவுனில் அவளுக்கு ஒரு ஊசி. வெளியே வந்து சைரனின் நீலக் கவுனை மாட்டி, சைரன் பேரைச் சொல்லி அவளையே மறுபடி தூக்கிப் போனேன். அந்தக் கூட்டத்தில் நர்ஸுக்கு எங்கே தெரியப்போகிறது? நீ விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று அன்றைக்கே நினைத்தேன்.

எங்கள் தெருவில் இப்போது தட்டம்மை. ஞாயிறு ரெண்டு பேரையும் உன்னிடம் கொண்டுவந்து விடுகிறோம்.

உன் தம்பி

ஜூன் 5

புத்தி முழுக்கக் கவுனில் இருக்கிற தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் இளிக்கிறவள் என்று என்னை ஊரே சொல்லும். உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது என் வாய் அப்படியே நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கோபத்தில் எழுதுகிறேன்.

கல்லுளி அழவில்லை என்றால் அவளுக்கு வலிக்கவில்லை என்று அர்த்தமா? வாய்திறக்காத பிள்ளை என்றால் ரெண்டு பேர் வலியையும் அதன் தலையில் கட்டிவிடுவீர்களா? எங்கள் நர்ஸம்மாவைக் கேட்டேன். "ரெண்டு தடவை போட்டவளுக்கு ஒண்ணும் ஆகாது. போடாதவளுக்குத்தான் பயம்"னு சொன்னாங்க. நீ ஏமாற்றியது நர்ஸை இல்லையடா, சைரனை.

சரி, இங்கே கொண்டுவந்து விடுவாயாம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மறந்துபோச்சா? தையல் கம்பெனியில் அம்மாக்கள் மெஷினில் உட்கார்ந்திருக்க, அவர்கள் பிள்ளைகள் என் மடியில். இஸ்திரி போடுகிறவளின் குழந்தைக்கு நாலு மாதம். அதற்கு இன்னும் அந்த ஊசி போடுகிற வயது வரவில்லை. சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டால்தான் அதற்குக் காவல். உன் வீட்டிலிருந்து நோயை மூட்டை கட்டி நான் அதன் தொட்டிலில் வைக்கவா?

நாளைக்கே சைரனைத் தூக்கிக்கொண்டு போ. நடந்ததை மறைக்காமல் சொல்லி ஊசி போடு. எப்போது கூட்டி வரலாம் என்று நர்ஸையே கேள். அதுவரைக்கும் என் கதவு திறக்காது.

அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

சொந்த ரத்தத்துக்குக் கதவைச் சாத்திவிட்டாய். எவளோ இஸ்திரிக்காரியின் பிள்ளை உனக்குப் பெரிதாகப் போய்விட்டது. பெற்றவள் ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உன் மிரட்டலுக்காக நான் ஊசி போடப் போவதில்லை. எங்கள் பிள்ளையை எங்களுக்குப் பார்க்கத் தெரியும்.

தம்பி

ஜூன் 19

அக்கா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். சைரனுக்கு வந்துவிட்டது. உடம்பெல்லாம் சிவப்பு, கண் திறக்கவில்லை, சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்கிறார்கள். கல்லுளிக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறாள், ஜன்னலில் நின்று தங்கச்சி எங்கே என்று கை காட்டுகிறாளாம்.

தட்டம்மை ஊசி போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். கவுன் மாற்றிய கதையை நானே சொன்னேன்.

இங்கே தினமும் ஊசி குத்துகிறார்கள். அவள் அழமாட்டேன் என்கிறாள் அக்கா. சும்மா பார்க்கிறாள். அழுதால் தேவலை.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

லீவு சொல்லிவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். எனக்குச் சின்ன வயதிலேயே தட்டம்மை வந்து போய்விட்டது, அதனால் என்னை ஒன்றும் செய்யாது என்று நர்ஸம்மா சொன்னார்கள். இஸ்திரிக்காரி கையில் இருந்த துணியை வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்கக்கா, பிள்ளைக்குச் சரியாகிடும்" என்றாள். நீ "எவளோ" என்று எழுதினாயே, அவள்தான்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அதையும் கூடவே கொண்டுவருகிறேன். உன்னிடமும் உன் பொண்டாட்டியிடமும் பேசுவேனா என்று தெரியாது. நான் வருவது அவளுக்காக.

அவள் காதில் சொல்லி வை, அத்தை வருகிறாள் என்று. நான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே அந்தச் சைரன் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

அக்கா