மீனெண்ணெய் பூசிய குட்டி பைக்

அன்பு மகன் சுஜினுக்கு அம்மா பேபி எழுதுவது. மாதாவின் காவலில் நானும் உன் அப்பாவும் தெருவில் உள்ள எல்லாப் பூனைகளும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளாவேளைக்குத் தின்று உறங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். பூனை எதற்கு வந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது பின்னால் டர்டர் என்று சத்தம் கேட்டதே, என்ன சத்தம் என்று நீ கேட்டதற்கு மிக்சியில் தேங்காய் அரைபடுகிறது மக்கா என்று நான் சொன்னேனே, அது மிக்சி இல்லை. உன் பைக். என் கன்னத்தில் மஞ்சள் அப்பியிருந்ததைப் பார்த்து அம்மாவுக்கு இந்த வயசில் அழகு கேட்கிறதோ என்று சிரித்தாய், அதுவும் அழகுக்கு இல்லை. முந்தின நாள் பைக்கோடு போய்ப் பக்கத்து வீட்டு பிலோமியின் வலைக்குவியலில் விழுந்ததில் உரசிய இடம். நைட்டியும் தலையில் கட்டிய துண்டுமாக ஐம்பது தாண்டியவள் வலைக்குள் சாளை மீன் மாதிரி கிடந்தேன் என்று பெற்ற மகனிடம் எந்த வாயால் சொல்வது. பிலோமி ஓடிவந்தாள், முதலில் சிரித்து முடித்தாள், அதற்குப் பிறகுதான் வலையைப் பிரித்தாள்.

போனில் சொன்னால் நடுவில் கத்துவாய், கடிதத்தில் கத்த முடியாது, அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கையெழுத்தில் எழுதி, அங்கே வேலைக்குத் திரும்புகிற ஜெரிஷ் கையில் நெத்திலிக் கருவாட்டோடு கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டைப் பிறகு தின்னலாம், முதலில் இதை வாசி. லீவுக்கு வந்தபோது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு குட்டி டர்ட் பைக் வாங்கினாயே, கால்முட்டி காதைத் தொட கடற்கரையில் அதை ஓட்டி ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பின்னால் ஓடவிட்டாயே, நின்றுபோனதும் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாயே. நாங்கள் போடவில்லை. வலை வைக்கிற கொட்டகையில் துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது. நீ விளையாடிய பொருளைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை, உன் அப்பாவுக்குச் சோம்பல் விடவில்லை.

இப்போது நீ நாகர்கோவிலில் டைல்ஸ் போட்ட வீடு பார்த்து வைத்திருக்கிறாய். திருவிழா முடிந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் அங்கே போங்கள், டாக்டர் தலைச்சுமை கூடாது என்று சொன்ன பிறகும் அம்மா மீன்கடவப் பெட்டியைத் தூக்கினால் எனக்கு இங்கே உறக்கம் வருமா என்கிறாய். நல்ல மனசு மக்கா, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் காலையில் நான் எந்தப் பக்கம் பார்த்து எழுந்திருப்பேன், சொல். இங்கே கண்ணைத் திறக்கும் முன்பே கடல் இன்றைக்கு என்ன குணத்தில் இருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும், அங்கே எதிர்வீட்டுக்காரி குக்கர் சத்தம்தான் கேட்கும். யோசித்துப் பார், சுமை எனக்கு எவ்வளவு தூரம்? கரையில் வள்ளம் அணைகிற இடத்திலிருந்து ரோடு வரைக்கும் உள்ள மணல் மட்டும்தான். ரோட்டில் ஏறிவிட்டால் எங்கள் மீன்காரிகளின் வேன் வந்துவிடும், சந்தையில் இறக்கிக் கொடுக்கவும் ஆள் உண்டு. அந்த மணல் ஒன்றுதான் என் முதுகுக்கும் உன் உறக்கத்துக்கும் எதிரி.

அப்படி ஒரு நாள் கொட்டகை வாசலில் இருந்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்று இல்லை, கடல் பால் மாதிரி கிடந்தது. சாய்ந்து நிற்கிற உன் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேனா, அது தானாக நிமிர்ந்து என்னை ஏற்றிக்கொண்டு மணலில் போவது போலத் தோன்றியது, பின்னால் மீன்பெட்டி, அதற்கு மேலே என் முந்தானை பறக்கிறது. உன் அப்பாவிடம் சொன்னேன். "ஏட்டி, அது வெளையாட்டுச் சாமான், மீன்பெட்டி கெடக்கட்டும், ஒன்னையே அது இழுக்காது" என்றார். என்னை இழுத்தால் எதையும் இழுக்கும் என்று நானே ஒத்துக்கொண்டேன். பிறகு சும்மா கிட்டே போய்ப் பார்த்தவருக்கு, அதைக் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கண்டதும் முகம் மாறிப்போனது. இது நம்ம வள்ளத்து எஞ்சின் மாதிரியில்லா இருக்கு என்று தரையில் உட்கார்ந்தவர்தான், அன்றைக்குச் சோற்றுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அறுந்த கயிற்றுக்கு நைலான் வலைக்கயிறு போட்டார். கார்பரேட்டரைக் கழற்றி ஒவ்வொரு திருகாக என் சுளகில் பரப்பினார், நான் அரிசி புடைக்க அண்டை வீட்டில் சுளகு இரவல் கேட்க வேண்டியதாயிற்று. பிளக்கை மாற்றினார், வள்ளத்துக்குக் கலப்பது போலப் பெட்ரோலில் ஆயிலைக் கலந்தார், இழுத்தார், இழுத்தார், ஒரு இருமல், அவ்வளவுதான். எஞ்சின் போச்சு என்று எழுந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சைலன்சர் ஓட்டைக்குள் சும்மா ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன், உள்ளே குளவி மண்ணைக் குழைத்துக் குடும்பமே நடத்தியிருக்கிறது. குத்தி எடுத்துவிட்டு இழுத்ததும் பாடியது பார், அந்தச் சத்தத்துக்குக் கடற்காக்கைகள் எல்லாம் எழும்பிப் போயின. உன் அப்பா இப்போது எல்லாரிடமும் குளவியைத் தாம்தான் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார், நானும் விட்டுவிட்டேன், நீயும் கேட்காதே.

ஓடியதே தவிர மணலில் மூச்சு வாங்கியது. இரணியலில் ஒரு கடையில் பின்சக்கரத்துக்குப் பல் கூடுதலான பெரிய ஸ்ப்ராக்கெட் கிடைத்தது, அதற்கேற்ப நீளமான செயினும். வேகம் குறைந்தது, இழுவை கூடியது, எனக்கும் அதுதானே வேண்டும். என் முட்டி இடிக்காமல் ஹேண்டிலை உயர்த்தினோம். பெட்டி வைக்கத் தாழ்வாக ஒரு கேரியர் வெல்டிங் செய்தோம், தூக்கவே வேண்டாம், பலகை சாய்த்துத் தள்ளினால் ஏறிவிடும். கிழிந்த சீட்டுக்குள் பழைய லைப் ஜாக்கெட்டின் நுரையை அடைத்து, வலை முடிகிற ஊசியால் உன் அப்பா தைத்தார், ஆலயத்துச் சுரூபத்துக்கு உடை தைக்கிற பக்தியோடு தைத்தார். எல்லாம் முடிந்து அந்திவேளையில் முதன்முதலாக ஈரமணலில் ஓட்டினேன் மக்கா. வானமும் தண்ணீரும் ஒரே நிறம், எது முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியவில்லை, நான் நடுவில் மிதந்து போகிறேன். இப்படியே கரையோரமாகப் போனால் ஒரு வளைவில் உன் அறை ஜன்னல் வந்துவிடும், கண்ணாடியைத் தட்டி மக்கா தின்னியா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் போல இருந்தது. வந்ததும் உன் அப்பாவிடம் இந்த மணல் மஸ்கட் வரைக்கும் போகுமா என்று கேட்டேன். நடுவில் கடல் கிடக்கிறது, அதுக்கு இந்த டேங்கில் பெட்ரோல் காணாது என்றார்.

உப்புக்காற்றில் மறுபடி துருப்பிடிக்குமே என்று எனக்குக் கவலை. உன் அப்பாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், வள்ளத்துக்கு வருஷாவருஷம் பூசுகிற மீனெண்ணெய். செயினுக்கு, ஸ்பிரிங்குக்கு, கம்பிகளுக்கு, தண்ணீர் இறங்காமல் இருக்க சீட்டின் தையலுக்கும் கூட, தாராளமாகப் பூசிவிட்டார். துரு கிட்டே வரவில்லை, பூனைகள் வந்தன. இப்போது அந்தியானால் வண்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தியானத்துக்கு வந்ததுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன. பிலோமி அதைப் பார்த்து, "ஏட்டி பேபி, ஒனக்கு ஊர்வலத்துக்கு ஆளு சேர்ந்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

இனி முக்கியமான சேதி. இன்று காலை நிறைந்த பெட்டியோடு கரையிலிருந்து ரோடு வரைக்கும் நானே ஓட்டிப் போனேன். விழவில்லை, ஒரு சாளை கூடச் சிந்தவில்லை, முதுகு வலிக்கவும் இல்லை, மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன். உன் அப்பா கூடவே ஓடிவந்தார், ரோட்டில் மூச்சிரைக்க நின்று, "நாகர்கோவில் வீட்டுக்கு இதைக் கொண்டு போக முடியாதுன்னு பயலுக்கு எழுதிப் போடு" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் போக மனமில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அதனால் அட்வான்ஸ் கொடுக்காதே மக்கா. அந்த வண்டி மணலுக்கு மட்டும்தான், ரோட்டில் ஏற்ற மாட்டேன், தலையில் இனி பூ தவிர எதையும் வைக்க மாட்டேன். நீ வெயிலில் தலைக்குத் துணி கட்டு, அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையில் நடக்கிற பூசையை விடாதே, பிரியாணியை ராத்திரியில் தின்னாதே. பயணத்துக்கென்று நீ கொடுத்தனுப்பிய கழுத்துத் தலையணை, அந்த லாட வடிவத்தில் உள்ளது, பத்திரமாக இருக்கிறது, எந்தப் பயணத்துக்கு என்றுதான் தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். மாதா உன் கைவேலையையும் கால் போகிற வழியையும் காத்துக்கொள்வாள், அம்மாவின் முத்தங்கள்.

இந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன், வெளியே சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்து வந்து மறுபடி பிரித்து எழுதுகிறேன். பூனைகளைத் துரத்திவிட்டு நாய்கள் வந்திருந்தன. மீனெண்ணெய் வாசத்துக்குச் சீட்டைக் கடித்துப் பிய்த்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் தின்றுவிட்டன, நுரையை மட்டும் பிடிக்காமல் விட்டிருக்கின்றன. வண்டிக்கு வேறு சேதம் இல்லை. நாளைக் காலைக்குச் சீட்டு இருந்த இடத்தில் உன் கழுத்துத் தலையணையைக் கட்டிப் பார்த்தோம், சரியாகப் பொருந்துகிறது. ஜெரிஷ் திரும்பி வரும்போது இன்னொன்று கொடுத்தனுப்பு, அதே அளவு.

என்றும் உன் அம்மா,
த. பேபி